வானிலை அறிவிப்பும் இளஞ்சிறார் வாசிப்பும்

கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பினை வைத்தார் வள்ளுவர். மழையை நோக்கி வாழும் மண்ணில் அவ்வைப்புமுறை மிகப் பொருத்தமானதே. ஆயினும், அம்மழை குறித்து வானொலி, தொலைக்காட்சி, நாளிதழ், கைப்பேசி வாயிலாக நாள்தோறும் வரும் அறிவிப்பினைப் பொருளுணர்ந்து வாசிக்க நம் சிறார்க்கு நாம் கற்பிக்கின்றோமா? 'நாளை பள்ளிக்கு விடுமுறை உண்டா?' என்னும் ஒன்றையே அவர்கள் அதில் தேடுகின்றனர். அறிவித்த மழை தம் தெருவில் பெய்யாவிடின் 'பொய்' என்று நகைக்கின்றனர். இந்நகைப்பு, வளர்ந்தபின் புயல் எச்சரிக்கையையும் புறந்தள்ளும் மனப்பான்மையாக மாறக்கூடும். ஆதலின், தொடக்கப்பள்ளி மாணவர்க்கு இவ்வாசிப்பினைக் கற்பிக்கும் நெறியினை ஈண்டுக் காண்போம்.

சொற்பொருள் உணர்த்தல்

அறிவிப்பினைத் தருவோர் அறிவியலார். எனினும் அது சொற்களால் ஆனது. எனவே தமிழாசிரியர்க்கும் இதில் பணி உண்டு. 'ஓரிரு இடங்களில்', 'சில இடங்களில்', 'பல இடங்களில்', 'பெரும்பாலான இடங்களில்' என்பன வெறும் வழக்குத் தொடர்கள் அல்ல, அளவைச் சொற்கள். ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களுள் 25 விழுக்காடு வரை மழை பெறுமாயின் அஃது 'ஓரிரு இடங்கள்'. 50 விழுக்காடு வரை 'சில இடங்கள்'. 75 வரை 'பல இடங்கள்'. அதற்கும் மேற்பட்டால் 'பெரும்பாலான இடங்கள்'.

இதனை விளக்கக் கரும்பலகையில் இருபது வீடுகளை வரைந்து, 'ஓரிரு இடங்களில் மழை' என்பதற்கேற்ப வண்ணம் தீட்டுமாறு கூறலாம். ஐந்து வீடுகளுக்கு மேல் தீட்டலாகாது. பின்னர், 'எஞ்சிய பதினைந்து வீட்டாரும் அறிவிப்பினைப் பொய் எனலாமா?' என வினவினால், விடையைக் குழந்தையே கூறிவிடும்.

இலக்கணம் பயின்றோர்க்கு 'மிக', 'அதி' என்னும் இரண்டும் ஒருபொருட் சொற்களே. வானிலை அறிவிப்பிலோ அவை வேறு வேறு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வது கனமழை, 204.4 வரை பெய்வது மிகக் கனமழை. அதனையும் கடந்தது அதிகனமழை. அவ்வாறே நிறங்களுக்கும் பொருள் உண்டு. பச்சை, எச்சரிக்கை இல்லை என்பது. மஞ்சள், விழிப்புடன் கவனித்திருக்க என்பது. ஆரஞ்சு, ஆயத்தமாகுக என்பது. சிவப்பு, உடனே செயற்படுக என்பது.

அளந்து அறிதல்

கேட்டதைச் சோதிக்கும் பழக்கமே அறிவின் தொடக்கம். அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள கண்ணாடிக் குவளையினைத் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு நீரின் உயரத்தை அளவுகோலால் அளக்கச் செய்யலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 65 மில்லிமீட்டர் பெய்தால் 6,500 லிட்டர்! கனமழை என்னும் சொல்லின் கனம் அப்போது விளங்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, முந்தைய நாள் அறிவிப்பினை ஒரு பத்தியிலும் பெய்த அளவினை அடுத்த பத்தியிலும் குறித்து வரின், பல நாள் பொருந்துவதையும் சில நாள் பொருந்தாமையையும் மாணவர் தாமே காண்பர். 'வாய்ப்பு' என்னும் சொல் உறுதியும் அன்று, பொய்யும் அன்று என்பதனை இதனினும் தெளிவாக உணர்த்த இயலாது.

காற்றின் பெயர்கள்

'வடகிழக்குக் காற்று' எனின் வடகிழக்கு நோக்கிச் செல்வது என்றே குழந்தைகள் கருதுவர். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை எனும் தமிழ் மரபினைக் கூறின் அம்மயக்கம் அகலும். காற்று புறப்படும் திசையாலேயே அதற்குப் பெயரிடுதல் வானிலையியலின் மரபுமாகும். 'மான்சூன்' என்னும் சொல் பருவத்தைக் குறிக்கும் 'மவ்ஸிம்' என்னும் அரபுச் சொல்வழி வந்தது. அப்பருவக்காற்றினை அறிந்து பாய்விரித்தவர் காயல்பட்டினம், கீழக்கரை மரைக்காயர்கள். அவர்தம் வழித்தோன்றல்களுக்கு இக்கல்வி புதிதன்று.

முன்னறிதலும் நம்பிக்கையும்

'மழை இறைவன் கையில் உள்ளது. மனிதன் முன்னுரைப்பது தகுமோ?' எனப் பெரியோர் சிலர் வினவுவதுண்டு. வானிலை அறிவிப்பு மறைவானதை அறிந்ததாகக் கூறும் ஆரூடம் அன்று. காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம், மேகத்தின் போக்கு ஆகியவற்றை அளந்து கூறும் மதிப்பீடு. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் பொறுப்பினை ஒப்படைக்க வேண்டும் என்பது நபிமொழி தரும் கருத்து. அறிவிப்பினை வாசித்தலும் ஒட்டகத்தைக் கட்டுதலே.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளுடன் வந்த தொடர்வண்டியும் கடல்வாய்ப்பட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் 'கஜா' புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன, உயிரிழப்பும் நேர்ந்தது. எனினும், எச்சரிக்கையினை ஏற்று முன்னதாகவே முகாம்களை அடைந்த பல்லாயிரவர் பாதுகாப்புடன் இருந்தனர். அறிவிப்பு வருதல் மட்டும் போதாது. அதனை நம்பி எழுந்து செல்வோரும் வேண்டும் என்பதே இவற்றால் நாம் பெறும் பாடம்.

முடிவுரை

கடற்கரை ஊர்களில் எழுத்தறியாப் பெரியோர் இருக்கும் இல்லங்களில், அறிவிப்பினை வாசித்துப் பொருளுரைக்கும் பொறுப்பு பள்ளி செல்லும் பிள்ளைக்கே உரியதாகின்றது. 'ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக வேண்டும், வாப்பா' என்று ஒரு சிறுமி கூறக் கேட்டு அவ்வீட்டார் ஆவணங்களை எடுத்து வைப்பாராயின், நாம் கற்பித்த கல்வி பயன் தந்ததாகும். ஒரு குவளை, ஓர் அளவுகோல், ஒரு குறிப்பேடு ஆகிய மூன்றுமே இதற்கு வேண்டுவன. வரும் மழைக்காலத்திலேயே இதனைத் தொடங்குவோம். வல்ல இறைவன் துணைபுரிவானாக!