சொற்கள் எங்கே நழுவுகின்றன?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் புது நோட்டு ஒன்றை எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, ஆங்கில அகராதியின் முதல் எழுத்திலிருந்து தினம் பத்துச் சொல் என்று எழுதத் தொடங்குபவர்கள் உங்கள் வகுப்பில் நாலைந்து பேராவது இருப்பார்கள். நீங்களே அவர்களில் ஒருவராக இருக்கலாம். 'அபாண்டன்', 'அபேஸ்', 'அபேட்' என்று சொற்கள் வரிசையாக இறங்கும். எதிரே தமிழ்ப் பொருள். (நம் ஊர்ப் பேச்சில் 'அபேஸ்' என்றால் பிறர் பொருளைச் சுருட்டுவது. ஆங்கில 'அபேஸ்' தாழ்த்துவது. குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஆடி பிறக்கும்போது நோட்டு இரண்டாவது எழுத்தில் நின்றிருக்கும். காலாண்டுத் தேர்வு வருவதற்குள் அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம்.

நோட்டு நின்றதால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. அதோடு கூடவே, "எனக்கு ஞாபகசக்தி போதாது, இங்கிலீஷ் எனக்கு வராது" என்று ஒரு தீர்ப்பையும் எழுதிக்கொள்கிறோமே, அதுதான் நஷ்டம். பதினான்கு வயதில் இப்படித் தீர்ப்பு எழுதிக்கொண்டு, பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கி, கல்லூரியில் ஆங்கிலத்தில் நடக்கும் இயற்பியல் வகுப்பில் பாடம் புரிந்தும் ஒரு சந்தேகம் கேட்க வாய் திறக்காமல் மூன்று ஆண்டுகளைக் கழித்துவிடுகிறவர்கள் உண்டு. மறதி எந்த வேகத்தில் வேலை செய்கிறது, அதை எப்போது மறிக்க வேண்டும் என்பதையெல்லாம் அறிவியல் முறையில் அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த அளவுகளைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதலாமே!

முதலில், எந்தச் சொற்களைக் கற்பது என்று பார்ப்போம்.

1961இல் அமெரிக்காவில் அச்சான செய்தி, கதை, கட்டுரை, அறிவியல் நூல் எனப் பலவகை எழுத்துகளிலிருந்து ஏறக்குறைய 10 லட்சம் சொற்களை பிரவுன் பல்கலைக்கழகத்தில் தொகுத்து, கணிப்பொறியைக் கொண்டு எண்ணினார்கள். அந்தக் கணக்கு 1967இல் வெளியாயிற்று. முதலிடம் பெற்ற சொல் எது தெரியுமா? 'தி'. அது மட்டும் 69,971 தடவை வந்திருந்தது; அதாவது நூறு சொல்லுக்கு ஏழு. அடுத்தது 'ஆஃப்', 36,411 தடவை. மூன்றாவது 'ஆண்ட்', 28,852 தடவை. இரண்டாவது சொல் முதல் சொல்லில் ஏறத்தாழப் பாதி, மூன்றாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்று எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகும் என்பதை ஜார்ஜ் ஜிப்ஃப் என்ற அமெரிக்க அறிஞர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். உலக மொழிகள் பலவற்றில் இந்த ஒழுங்கு தென்படுகிறது. பட்டியலின் வால் பகுதி இன்னும் வேடிக்கையானது. அந்தத் தொகுப்பில் இருந்த வெவ்வேறு சொற்கள் சுமார் 50,000. அவற்றில் ஏறக்குறையப் பாதி, 10 லட்சம் சொற்களுக்கிடையே ஒரே ஒரு தடவைதான் தலைகாட்டியிருக்கின்றன!

அகராதியை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்வதில் உள்ள கோளாறு இப்போது புரிகிறதல்லவா? அகராதிக்கு எல்லாச் சொல்லும் சமம். அன்றாடப் பேச்சுக்கும் எழுத்துக்கும் அப்படியல்ல.

மைக்கேல் வெஸ்ட் என்றோர் ஆங்கிலேயர், நம் நாடு விடுதலை பெறுவதற்கு முன் வங்காளத்தில் தாக்கா நகரில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்தார். பாடப் புத்தகங்களில் அபூர்வச் சொற்கள் நிறைந்திருப்பதால் வங்காளச் சிறுவர்கள் ஆங்கிலம் படிக்கத் திணறுவதைக் கண்டவர் அவர். 1953இல் அவர் வெளியிட்ட பட்டியலில் அடிப்படைச் சொற்கள் சுமார் 2,000. சாதாரண ஆங்கில எழுத்தில் நூற்றுக்கு எண்பது சொற்கள் அந்தப் பட்டியலுக்குள்ளேயே அடங்கிவிடும் என்பது பிறகு செய்த கணக்கு. எண்பது போதுமா என்றால், போதாது. ஐந்தில் ஒரு சொல் தெரியாமல் ஒரு பத்தியை முழுமையாகப் புரிந்துகொள்ள முடியாது. ஆனால் அந்த எண்பது இல்லாமல் மீதி இருபதைத் தொடவே முடியாது.

"தி, ஆஃப், ஆண்ட் எல்லாம் எங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். தெரியும், ஆனால் தடுமாறுவதும் பெரும்பாலும் இந்தக் குட்டிச் சொற்களில்தான். "மதுரையிலிருந்து பஸ்ஸில் அத்தையோடு வந்தேன்" என்பது தமிழில் நான்கே சொல். ஆங்கிலத்தில் "ஐ கேம் ஃப்ரம் மதுரை பை பஸ் வித் மை ஆன்ட்" என்று ஒன்பது சொல். நாம் சொல்லின் வாலில் ஒட்டவைக்கும் 'இருந்து', 'இல்', 'ஓடு' எல்லாம் அங்கே தனித்தனியாகக் கழன்று, பெயருக்கு முன்னால் வந்து நிற்கின்றன. 'வந்தேன்' என்பதன் வாலில் உள்ள 'ஏன்' கூட 'ஐ' என்று முதலில் போய் நின்றுகொண்டது. அதோடு விட்டதா? பஸ்ஸில் என்பதற்கு 'பை' போட்டோம்; பையில் என்பதற்கு 'இன்' போட வேண்டும்; வீட்டில் என்பதற்கு 'அட்'. நம்முடைய ஒரே 'இல்', அங்கே மூன்று ஆள். ஆகவே குட்டிச் சொல்லைத் தனியாகப் படித்துப் பயனில்லை. அது ஒட்டிக்கொண்டிருக்கும் சொல்லோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

பெரிய சொல்லுக்கும் இதே விதிதான். தமிழில் 'பிடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸைப் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, தீப் பிடிக்கிறது. வியப்பாக, ஆங்கிலத்தின் 'கேட்ச்' இந்த மூன்றுக்கும் கூடவே வருகிறது: 'கேட்ச் எ பஸ்', 'கேட்ச் எ கோல்ட்', 'கேட்ச் ஃபயர்'. அந்தத் தைரியத்தில் மேலே போனால் கைவிட்டுவிடும். படம் பிடிப்பதற்கு 'டேக்'. மாம்பழம் பிடிப்பதற்கு 'லைக்'. தம்பி அடம் பிடிப்பதற்கு 'பிடி' என்ற பொருள் தரும் சொல்லே அங்கு இல்லை. அவன் 'ஸ்டப்பர்ன்' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். 'கேட்ச் என்றால் பிடி' என்று நோட்டில் எழுதினால் பாதி உண்மையைத்தான் எழுதுகிறோம். 'எனக்குச் சளி பிடித்திருக்கிறது' என்ற முழு வாக்கியமாக எழுதினால் முழு உண்மை.

இனி ஒரு நல்ல செய்தி. 2,000 சொற்களையும் நீங்கள் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பஸ், டிக்கெட், லைட், ஸ்விட்ச், டயர், பிரேக், பேங்க், லீவு என்று பள்ளிக்கூடமே பார்க்காத பாட்டி கூடப் பல ஆங்கிலச் சொற்களைப் புழங்குகிறார். ஒரு நாள் வீட்டுப் பேச்சைக் கவனித்து எழுதிப் பாருங்கள், பக்கம் நிறையும். ஆனால் இந்தச் சொற்கள் நம் ஊருக்கு வந்த பிறகு கொஞ்சம் மாறியிருக்கின்றன. 'கரண்ட் போய்விட்டது' என்கிறோம். ஆங்கிலேயர் அந்த இடத்தில் 'பவர்' என்பார். 'கரண்ட்' என்றால் ஓட்டம். உங்கள் இயற்பியல் புத்தகம் மின்னோட்டம் என்று சரியாகவே சொல்கிறது. ஆற்று நீரின் ஓட்டமும் கடல் நீரோட்டமும் அதே 'கரண்ட்'தான். கார் ஓட்டுநர்கள் மாற்றுச் சக்கரத்தை 'ஸ்டெப்னி' என்பார்கள். இங்கிலாந்தில் போய்ச் சொன்னால் விழிப்பார்கள்; அங்கே அது 'ஸ்பேர் வீல்'. வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் உருவான மாற்றுச் சக்கரத்தின் பெயர் அது. அங்கே வழக்கொழிந்துபோய், நம் பட்டறைகளில் உயிரோடு இருக்கிறது! உங்கள் பென்சில் டப்பாவில் உள்ள 'ரப்பர்' கூட அறிவியலோடு சம்பந்தப்பட்டது. 'ரப்' என்றால் தேய். பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிக்க இந்தப் பொருள் உதவுவதை 1770இல் குறித்து வைத்தவர், ஆக்சிஜன் ஆராய்ச்சிக்காக நீங்கள் படித்த அதே ஜோசப் பிரீஸ்ட்லி. வேலையிலிருந்து பொருளுக்குப் பெயர் வந்துவிட்டது.

சரி, மறதிக்கு வருவோம்.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தம் மறதியைத் தாமே அளக்க முனைந்தார். பொருளுள்ள சொல் என்றால் பழைய நினைவு குறுக்கிடும் என்று, பொருளே இல்லாத அசைகள் சுமார் 2,300 தயாரித்தார். வரிசை வரிசையாக மனப்பாடம் செய்வது, சற்று நேரம் கழித்து மறுபடி அதே வரிசையை மனப்பாடம் செய்வது, இரண்டாம் முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிடுவது: இதுதான் சோதனை. ஆண்டுக்கணக்கில் இதையே செய்த பொறுமையை என்னவென்பது! 1885இல் வெளியிட்ட முடிவுகள் இவை: சுமார் 20 நிமிடம் கழித்து உழைப்பில் நூற்றுக்கு 58 பங்கு மிச்சம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஆறு நாளில் 25. ஒரு மாதத்தில் 21.

இந்த எண்களை வரைபடத் தாளில் குறித்துக் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு முதலில் செங்குத்தாகச் சரிந்து, பிறகு சமதரையாகப் படுத்துவிடும். முதல் ஒரு மணியில் போனது 56 பங்கு. ஆறாம் நாளிலிருந்து மாதக் கடைசி வரை போனது வெறும் 4 பங்கு. பொருளுள்ள சொற்கள் இவ்வளவு வேகமாகக் கரையாது. ஆனால் கோட்டின் வடிவம் இதேதான். நேற்று படித்த பத்துச் சொல்லில் இன்று ஏழு காணவில்லை என்றால் உங்கள் மூளையில் ஓட்டை என்று பொருளல்ல. அப்படி நடப்பதுதான் இயல்பு.

எபிங்ஹாஸ் இன்னொன்றும் கண்டார். 12 அசைகள் கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 தடவை ஓதினால் கிடைக்கும் பலன், மூன்று நாளில் பகிர்ந்து 38 தடவை ஓதினாலே கிடைத்துவிடுகிறது. செடிக்கு ஒரு வாரத் தண்ணீரை ஒரே நாளில் கொட்டினால் வழிந்து ஓடுவதைப் போல. தேர்வுக்கு முந்திய இரவில் கண் விழிப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க.

எப்படித் திருப்புவது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 2008இல் ஜெஃப்ரி கார்பிக்கி, ஹென்றி ரோடிகர் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்பித்தார்கள். ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகும் சில பிரிவினருக்குத் திரும்பத் திரும்பத் தேர்வு வைத்தார்கள். வேறு சிலருக்கு, சரியாகச் சொன்ன சொல்லைத் தேர்விலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் அதைப் படிக்க மட்டும் செய்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால், தேர்வு தொடர்ந்தவர்களுக்கு நூற்றுக்கு 80 நினைவிருந்தது. மற்றவர்களுக்கு 35 அளவில்தான். திரும்பப் படித்ததால் ஏறக்குறைய எந்த லாபமும் இல்லை! இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: "ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும்?" என்று முன்கூட்டியே கேட்டபோது எல்லாப் பிரிவினரும் ஏறத்தாழப் பாதி என்றே சொன்னார்கள். நன்றாகக் கற்றவருக்கும் தெரியவில்லை, கற்காதவருக்கும் தெரியவில்லை. நோட்டைப் புரட்டும்போது 'இது தெரியும், அதுவும் தெரியும்' என்று ஒரு திருப்தி வருகிறதே, அதை அவ்வளவாக நம்ப வேண்டாம்.

ஆகவே நோட்டை மூடிவிட்டுச் சீட்டுக்கு வாருங்கள். 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலொன்றில் சொன்ன வழி இது. இன்று கைப்பேசியில் வரும் சொற்பயிற்சிச் செயலிகள் பலவற்றுக்கும் உள்ளே இருப்பது இதே எண்ணம்தான். உங்களுக்குக் கைப்பேசி தேவையில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் அருமையான சீட்டுகள் கிடைக்கும். ஒரு பக்கம் தமிழ் வாக்கியம். மறுபக்கம் அதற்குரிய ஆங்கில வாக்கியம், கற்க வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடு. (இங்கே நான் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நீங்கள் சீட்டில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள்; எழுத்துக்கூட்டலும் சேர்ந்து பழகும்.) தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து ஆங்கில வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகே சீட்டைத் திருப்ப வேண்டும். எட்டிப் பார்ப்பது கூடாது.

ஒரு சாக்பீஸ் பெட்டியை அட்டை வைத்து ஐந்து அறைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புதுச் சீட்டு முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு உயர்வு. தவறினால் எந்த அறையில் இருந்தாலும் மறுபடி முதல் அறைக்கு. முதல் அறையைத் தினமும், இரண்டாவதை இரண்டு நாளுக்கொரு முறை, மூன்றாவதை நான்கு நாளுக்கொரு முறை, நான்காவதை வாரம் ஒரு முறை, ஐந்தாவதை இரண்டு வாரத்துக்கொரு முறை எடுத்தால் போதும். ஐந்தாவதிலும் சரியாகச் சொல்லிவிட்டால் அந்தச் சீட்டுக்கு ஓய்வு. தெரிந்த சொல்லுக்கு நேரம் வீணாகாது; தெரியாத சொல் தினமும் வந்து கதவைத் தட்டும்.

நாளுக்குப் பத்து வேண்டாம், ஐந்து புதுச் சீட்டு போதும். 200 பள்ளி நாட்களுக்கு 1,000 ஆகிறது. ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினால் பத்தாம் வகுப்பு முடிவதற்குள் வெஸ்டின் பட்டியல் அளவுக்கு வந்துவிடும்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். இந்த வாரமே சோதித்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத 20 ஆங்கிலச் சொற்களை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒருமுறை படித்த பிறகு, 10 சொற்களைத் தினமும் நோட்டில் மூன்று தடவை வாசியுங்கள். மற்ற 10 சொற்களைச் சீட்டில் எழுதி, பார்க்காமல் சொல்லிப் பிறகு திருப்புங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு நேரம், நான்கு நாட்கள். பிறகு இரண்டையும் தொடாதீர்கள். தொடங்கும்போதே எதில் எத்தனை நினைவிருக்கும் என்ற உங்கள் கணிப்பை ஒரு தாளில் எழுதி நண்பரிடம் கொடுத்து வையுங்கள். பன்னிரண்டாம் நாள் அவரையே கேள்வி கேட்கச் சொல்லி, விடைகளின் எண்ணிக்கையைக் கணிப்புக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.