இன்று எந்த வழி?

மும்பையில் அந்தேரி என்று ஒரு பகுதி இருக்கிறது. அதன் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. கிழக்கே பாதி ஊர். மேற்கே பாதி ஊர். இரண்டையும் இணைப்பது கோகலே பாலம்.

அந்தப் பாலம் பழுதாகிவிட்டது. 2022 நவம்பர் 7ஆம் தேதி அதை மூடினார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு பக்கம் திறந்தது. 2025 மே மாதம்தான் முழுப் பாலமும் திறந்தது.

அதுவரை வண்டிகள் எங்கே போயின? பக்கத்துப் பாலங்களுக்கும் சுரங்கப் பாதைகளுக்கும் போயின. அங்கெல்லாம் நெரிசல் கூடியது.

பாலம் மூடினால் ஆட்டோ ஓட்டுபவருக்கும், பால் வண்டிக்காரருக்கும், வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் காலையில் ஒரே கேள்விதான். "இன்று எந்த வழி?"

இது சின்னக் கேள்வி அல்ல. அரை மணி தாமதமானால் கூலி போகும். ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால் உயிரே போகும்.

ஒரு கணக்கு போடுவோம்

ஓர் ஊரிலிருந்து சந்தைக்கு இரண்டு சாலைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ஏரிக்கரைச் சாலை. மற்றது கோயில் சாலை. இரண்டும் ஒரே தூரம். சாலை காலியாக இருந்தால் 10 நிமிடத்தில் போகலாம். 5 வண்டி வந்தால் 1 நிமிடம் கூடும். தினமும் 100 வண்டிகள் போகின்றன.

திங்கட்கிழமை:
ஏரிக்கரைச் சாலையில் 80 வண்டி. ஆகும் நேரம் 26 நிமிடம்.
கோயில் சாலையில் 20 வண்டி. ஆகும் நேரம் 14 நிமிடம்.

மாலையில் டீக்கடையில் பேச்சு. "கோயில் சாலை காலியாம்!" மறுநாள் 60 வண்டிகள் அங்கே மாறுகின்றன.

செவ்வாய்க்கிழமை:
ஏரிக்கரைச் சாலையில் 20 வண்டி. ஆகும் நேரம் 14 நிமிடம்.
கோயில் சாலையில் 80 வண்டி. ஆகும் நேரம் 26 நிமிடம்.

நெரிசல் தீர்ந்ததா? இல்லை. இடம் மாறியது, அவ்வளவுதான். புதன்கிழமை எல்லோரும் திரும்பி ஓடுவார்கள். நெரிசலும் கூடவே ஓடும்.

இப்போது வேறு மாதிரி பார்ப்போம். திங்கட்கிழமைக்குப் பிறகு தினமும் 10 வண்டி மட்டும் மாறுகின்றன.

செவ்வாய்: 70 வண்டி, 30 வண்டி. நேரம் 24 நிமிடம், 16 நிமிடம்.
புதன்: 60 வண்டி, 40 வண்டி. நேரம் 22 நிமிடம், 18 நிமிடம்.
வியாழன்: 50 வண்டி, 50 வண்டி. இரண்டிலும் 20 நிமிடம்.

இனி யாருக்கும் வழி மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. மாறினாலும் லாபம் இல்லை. போக்குவரத்து ஒரு நிலைக்கு வந்துவிட்டது. இந்த நிலையைப் பற்றி 1952இல் இங்கிலாந்து நாட்டு வார்ட்ராப் என்பவர் எழுதினார். பொறியாளர்கள் இன்றும் இப்படிப்பட்ட கணக்கைக் கணினியில் போட்டுப் பார்க்கிறார்கள்.

உண்மையில் நடந்தது

அமெரிக்காவில் மினியாபோலிஸ் என்ற நகரம் இருக்கிறது. அங்கே மிசிசிப்பி ஆற்றின் மேல் ஒரு பெரிய பாலம் இருந்தது. தினமும் சுமார் 1,40,000 வண்டிகள் அதில் போயின. 2007 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாலை அந்தப் பாலம் இடிந்து விழுந்தது. 13 பேர் இறந்தார்கள்.

அதன் பிறகு மக்கள் எந்த வழியில் போனார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் பார்த்தார்கள். முதல் சில நாட்கள், "அந்தப் பக்கம் நெரிசலாக இருக்கும்" என்று பயந்து பலர் ஒதுங்கினார்கள். பயந்த அளவுக்கு நெரிசல் இல்லை என்று தெரிந்தது. மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். சில வாரங்களில் போக்குவரத்து ஒரு நிலைக்கு வந்தது.

2008 செப்டம்பரில் புதிய பாலம் திறந்தது. ஆனால் பழைய ஆட்கள் எல்லோரும் அதற்குத் திரும்பவில்லை. சிலருக்குப் புது வழியே பழகிவிட்டது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? நேற்று பட்ட அனுபவமும், காதில் விழும் பேச்சும், பழக்கமும் சேர்ந்துதான் நாம் போகும் வழியை முடிவு செய்கின்றன. நெரிசல் தானாக வருவதில்லை. நம் எல்லோருடைய முடிவும் சேர்ந்ததுதான் நெரிசல்.

நாம் என்ன செய்யலாம்?

ஒரு நாள் நெரிசலைப் பார்த்து உடனே வழி மாற்ற வேண்டாம். நான்கு நாள் கவனியுங்கள்.

முடிந்தால் கால் மணி முன்னதாகப் புறப்படுங்கள்.

இப்போது கைபேசியும் வழி காட்டுகிறது. அது பலருக்கும் ஒரே தெருவைக் காட்டினால் அந்தத் தெருவும் அடைத்துக்கொள்ளும். இதையும் நினைவில் வையுங்கள்.

பேருந்தில் 50 பேர் போனால் ஒரே ஒரு வண்டிதான். 50 பேரும் தனித்தனி வண்டியில் போனால்?

சாலையையோ பாலத்தையோ மூடும்போது, முன்கூட்டியே அறிவிப்புப் பலகை வைக்கும்படி ஊராட்சியிடம் அல்லது நகராட்சியிடம் கேளுங்கள். மாற்று வழிகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். கேட்பது நம் உரிமை.

பதில் சொல்லுங்கள்

1. கோகலே பாலம் எந்த ஆண்டு மூடப்பட்டது?
2. செவ்வாய்க்கிழமை 60 வண்டிகள் மாறியும் நெரிசல் ஏன் தீரவில்லை?
3. கோயில் சாலையில் 55 வண்டி, ஏரிக்கரைச் சாலையில் 45 வண்டி போனால் எத்தனை நிமிடம் ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.
4. உங்கள் ஊரில் வேலைக்குப் போக எத்தனை வழிகள் உண்டு? நீங்கள் ஏன் ஒரு வழியை மட்டும் தேர்ந்தெடுக்கிறீர்கள்? ஐந்து வரி எழுதுங்கள்.