தோல் துப்புரவாகிவிட்டது, தண்ணீர்?

அன்னை மைமூனா (ரலி) அவர்கள் உரிமைவிட்ட ஒரு பெண்மணிக்கு ஸதகாவாக ஓர் ஆடு வந்தது. அது செத்துப்போயிற்று. அவ்வழியே வந்த நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று வினவினார்கள். செத்த பிராணியாயிற்றே என்று அங்கிருந்தோர் தயங்கியபோது, விலக்கப்பட்டது அதை உண்பது மட்டுமே என்று தெளிவுபடுத்தினார்கள். இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. பதனிட்ட தோல் சுத்தமாகும் என்ற மஸ்அலாவுக்கு இதுவும் ஓர் ஆதாரம். ஹனபி, ஷாபிஈ மத்ஹபுகளில் பன்றித் தோல் இதில் சேராது; ஷாபிஈ மத்ஹபில் நாயும் விலக்கு.

நஜீஸான ஒரு பொருளைச் சுத்தமாக்கும் தொழில் என்ற இந்தச் சிறப்பு எத்தனை தொழில்களுக்குக் கிடைத்திருக்கிறது! வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரையில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தொழில் இது. பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கல்லூரிகளும் இந்த வருமானத்தால் எழுந்தன. அதை மறுப்பவர் நன்றி கெட்டவர். ஆனால் தோலைச் சுத்தமாக்கிய தண்ணீர் எங்கே போயிற்று என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்டதில்லை.

முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். முழுமையாக்கிய தோலையே ஏற்றுமதி செய்ய வேண்டுமென்று 1970களில் அரசு ஊக்கியபின், விரைவாக வேலை முடியும் குரோம் முறை பரவியது. தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பு, மயிர் நீக்கும் சுண்ணாம்பு, சல்பைடு, பதனிடும் குரோமிய உப்பு எல்லாம் கழிவுநீரோடு வெளியே வந்தன. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாயிற்று என்றும் உச்ச நீதிமன்றத்தின் 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் தீர்ப்பில் பதிவாகியுள்ளது. குடிதண்ணீருக்காகப் பெண்களும் பிள்ளைகளும் மைல் கணக்கில் நடந்தார்கள். அவர்களில் நம்மவரும் இருந்தனர், பிற சமயத்தவரும் இருந்தனர்.

அப்படிப்பட்ட கிணற்று நீரில் ஒளுச் செய்யலாமா? நஜீஸ் கலந்து நிறமோ ருசியோ வாடையோ மாறினால் அந்நீர் நஜீஸ். இதில் இமாம்களுக்குள் கருத்து வேறுபாடில்லை. குரோமிய உப்பு நஜீஸன்று. எனினும் ‘தண்ணீர்’ என்று மட்டும் சொல்ல முடியாத அளவுக்கு அதை ஒரு பொருள் மாற்றிவிட்டால், ஷாபிஈ மத்ஹபில் அந்நீர் சுத்தமானதே தவிரச் சுத்தமாக்கக்கூடியதன்று. நீர் உடலுக்குக் கேடு தரும் என்று நம்பகமான மருத்துவர் சொன்னால், வேறு நீர் கிடைக்காதவர் தயம்மும் செய்துகொள்ளலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். நிறமும் ருசியும் வாடையும் மாறாமலே நஞ்சு நீரில் இருக்கக்கூடும். ஒளுவுக்குக் குறைவில்லை என்பதால் குடிப்பதற்கும் குறைவில்லை என்றாகாது. அதைச் சோதனைச் சாலைதான் சொல்ல வேண்டும். கண்ணும் நாக்கும் போதா.

ஒளு அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலுள்ளது. கிணறோ அண்டைவீட்டானுடையது. என் இடத்தில் என் தொழிலை நான் செய்கிறேன் என்று சொல்லிவிட முடியுமா? அபூதாவூதில் ஒரு செய்தி வருகிறது. அன்சாரி ஒருவருடைய தோட்டத்தில் மற்றொருவருக்குப் பேரீச்சமரம் சொந்தமாயிருந்தது. மரத்துக்காரர் அடிக்கடி வந்துபோவது தோட்டத்தில் குடியிருந்த குடும்பத்துக்குத் தொல்லையாயிற்று. விற்றுவிடும்படியும், வேறு மரத்துக்கு மாற்றிக்கொள்ளும்படியும், நன்மையை நாடி நன்கொடையாகத் தரும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். அவர் எதற்கும் இணங்கவில்லை. தொல்லை தருபவர் நீர் என்று அவரிடம் கூறிவிட்டு, மரத்தைப் பிடுங்கிவிடும்படி அன்சாரிக்கு உத்தரவிட்டார்கள். மரம் அவருக்குச் சொந்தந்தான். அந்தச் சொந்தம் அங்கே நிற்கவில்லை. வெறும் போக்குவரத்துக்கே இப்படியென்றால், நிலத்தடி நீரைக் கெடுப்பதற்கு?

மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்று 1996 தீர்ப்பு விதித்தது. தூய நீர் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010-இல் அறிவித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பலர் பெரும் பணம் செலவிட்டனர், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டையில் அத்தகைய ஒரு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகே தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். பிழைக்க வந்த ஏழைகள். கழிவைத் தேக்கி வைத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

நிலமும் கிணறும் கெட்டவர்களுக்கு 2001-இல் நட்டஈடு கணக்கிட்டுத் தீர்மானித்தார்கள். அது இன்னும் கிடைக்காதவர்களுக்கு அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியோரிடம் வசூலிக்க வேண்டுமென்று 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இருபத்து நான்கு ஆண்டுகள்! கிணற்றுக்குரியவரில் எத்தனைபேர் மவுத்தாகியிருப்பார்கள்? தோல் சாலைக்குரியவரிலும் எத்தனைபேர்?

இங்கேதான் நம் வீடுகளுக்குரிய மஸ்அலா வருகிறது. பிறர் பொருளைக் கெடுத்தவர் வேண்டுமென்று கெடுத்தாலும் அறியாமல் கெடுத்தாலும் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். அது கடன். தவ்பாவினாலோ ஹஜ்ஜினாலோ கடன் தீராது. ஷஹீதுக்குங்கூடக் கடன் மன்னிக்கப்படுவதில்லை என்று ஹதீதில் வந்துள்ளது. ஆகவே, தோல் சாலை நடத்திய தகப்பனார் மவுத்தாகி, அவர்மீது இப்படியொரு பாக்கி நிற்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தால், கபன், அடக்கச் செலவு போக மீதியிலிருந்து முதலில் அதைக் கொடுக்கவேண்டும். அதற்குப் பின்னரே வஸிய்யத்து, அதற்கும் பின்னரே பாகப்பிரிவினை. சொத்தை ஏற்கெனவே பிரித்துவிட்டிருந்தாலும், அவரவர் பெற்ற பங்கிலிருந்து கொடுக்கக் கடமையுண்டு. கிணற்றுக்குரியவர் இறந்துபோயிருந்தால் அவருடைய வாரிசுகளிடம் சேர்க்கவேண்டும்; அவர் முஸ்லிமல்லாதவராயினும் சட்டம் இதுவே. எவ்வளவு தேடியும் யாரும் கிடைக்கவில்லையென்றால், உரியவரின் சார்பாக ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம். பின்னர் அவர் வந்து கேட்டால் மறுபடியும் கொடுக்கத்தான் வேண்டும்.