கவாசாகி: காய்ச்சல் போன பிறகும் எக்கோ எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது, எடை 15 கிலோ. ஆறு நாள் விடாத காய்ச்சல், ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்கவில்லை. உடம்பெல்லாம் சிவந்ததும், "அம்மை போட்டிருக்கு, ஊசி கீசி போடாதீங்க" என்று மாமியார் வேப்பிலை வைத்துவிட்டார். ஏழாம் நாள் டாக்டர் 'கவாசாகி' என்று சொல்லி, ராத்திரி முழுக்க ஒரு மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார். மறுநாளே காய்ச்சல் விட்டது. மூன்று வாரமாகிறது, ஓடி விளையாடுகிறான். ஆனால் எக்கோவில் இதய ரத்தக்குழாய் புடைத்திருக்கிறது, இஸட் மதிப்பு 2.8 என்கிறார்கள். தினமும் ஆஸ்பிரின் வேறு. சின்னப் பிள்ளைக்கு அது ஆகாது என்கிறார் மருந்துக் கடைக்காரர். என் பிள்ளை இதய நோயாளி ஆகிவிட்டானா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: ஆயுசுக்கும் இதய நோயாளி என்று இப்போதே முத்திரை குத்த வேண்டியதில்லை. உயரம், எடைக்கு இருக்கவேண்டிய அளவிலிருந்து குழாய் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான் இஸட் மதிப்பு. 2.5-லிருந்து 5-க்குள் இருந்தால் சிறிய புடைப்பு. இவற்றில் பெரும்பாலானவை ஓரிரு வருடத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். நாங்கள் பயப்படுவது 10-ஐத் தாண்டும் ராட்சதப் புடைப்புகளுக்கு. அங்கேதான் ரத்தம் தேங்கி உறையும். குழந்தைக்கே மாரடைப்பு வரலாம்.

இந்த நோயை 1961-ல் டோக்கியோவில் ஒரு நான்கு வயதுப் பையனிடம் முதலில் கவனித்தவர் டாக்டர் டோமிசாகு கவாசாகி. 1967-ல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதினார். இன்றுவரை எதனால் வருகிறது என்று உறுதியாகத் தெரியவில்லை. ஏதோ ஒன்று தூண்டிவிட, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ரத்தக்குழாய்ச் சுவரைத் தாக்கி அழற்சி உண்டாக்குகிறது. இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாய்கள்தான் அதிகம் அடிபடுகின்றன. ஒட்டுவாரொட்டி இல்லை.

உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். டாக்டர்களே தட்டம்மை என்று நினைப்பதுண்டு. பீளை தள்ளாமல் சிவந்த கண், வெடித்த உதடு, ஸ்ட்ராபெரி மாதிரி நாக்கு, கை கால் வீக்கம், கழுத்தில் நெறி - எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து வராது. கைக்குழந்தைகளிடம் பாதிகூடத் தெரியாது. நம் ஊரில் ஒரு சௌகரியம்: பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. தழும்பு திடீரென்று சிவந்து தடித்தால் எங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். நகக்கண்ணில் தோல் உரிவது இரண்டாம், மூன்றாம் வாரத்தில்தான். அதற்காகக் காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும்.

ராத்திரி ஏற்றியது இம்யூனோகுளோபுலின். ஆயிரக்கணக்கானவர்கள் தந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது. அதனால்தான் விலை அதிகம். கிலோவுக்கு 2 கிராம், அதாவது உங்கள் பையனுக்கு 30 கிராம். காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளைக்குள் கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டால் நான்கில் ஒரு குழந்தைக்குக் குழாய் புடைக்கும். கொடுத்தால் நூற்றுக்கு நான்கைந்து பேருக்குத்தான். சிகிச்சையே இல்லாவிட்டாலும் காய்ச்சல் ஒருநாள் தானாக இறங்கிவிடும் என்பதுதான் இந்த நோயின் சூது. வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது உள்ளே குழாய் விரிந்துகொண்டிருக்கும்.

மருந்துக் கடைக்காரர் சொன்னது பொதுவாகச் சரி. காய்ச்சலுக்கென்று குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. இது வேறு கணக்கு. இரண்டாவது வாரத்திலிருந்து தட்டணுக்கள் எக்கச்சக்கமாக ஏறும். புடைத்த இடத்தில் ரத்தம் உறையாமலிருக்கத்தான் இந்தச் சிறிய அளவு. புடைப்பு இல்லாத குழந்தைக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் நிறுத்திவிடுவோம். உங்கள் மகனுக்குக் குழாய் சரியாகும்வரை தொடர வேண்டியிருக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டிலோ பள்ளியிலோ சின்னம்மையோ ஃப்ளூவோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரினோடு அவை சேர்ந்தால் ஈரலும் மூளையும் பாதிக்கப்படும் ஆபத்து அபூர்வமாக உண்டு. வேறு காய்ச்சலுக்கு இபுப்ரோஃபென் வேண்டாம், ஆஸ்பிரினின் வேலையை அது கெடுக்கும். பாராசிட்டமால் போதும்.

இன்னொன்று, பலர் மறந்துவிடுவது. எம்.எம்.ஆர்., சின்னம்மைத் தடுப்பூசிகளை, இம்யூனோகுளோபுலின் ஏற்றிய நாளிலிருந்து 11 மாதம் தள்ளிப்போட வேண்டும். முன்னாலேயே போட்டால் பலிக்காமல் போகலாம். முத்தடுப்பு பூஸ்டருக்கும் ஃப்ளூ ஊசிக்கும் இந்தத் தடை இல்லை. மருந்து ஏற்றிய தேதியைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த எக்கோவுக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். ஒப்பிட அதுதான் வேண்டும்.