உயிரணுவின் ஆற்றலைக் காட்டும் ஒளி

நாம் உண்ணும் உணவின் ஆற்றலை உயிரணுக்களிலுள்ள மைட்டோகாண்டிரியா ஏடிபி என்னும் மூலக்கூறில் சேர்த்துத் தருகிறது. தசை சுருங்குவதற்கும் நரம்பு இயங்குவதற்கும் அதுவே செலவாகிறது.

முன்பு பெரும்பாலும் உயிரணுக்களைச் சிதைத்தே ஏடிபியை அளந்தனர். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ‘ஏடீம்’ என்னும் ஒளிரும் புரத உணரியை அறிமுகப்படுத்தினர். ஏடிபி அதனுடன் இணைந்தால் நீலப்பச்சை ஒளி குறைந்து மஞ்சள் ஒளி மிகும். இதனால் உயிருள்ள அணுவில் ஆற்றல் ஏறி இறங்குவதை நுண்ணோக்கி வழியே காணலாம்.

இச்சோதனையை நோயாளருக்குச் செய்ய இயலுமா? இயலாது. உணரியின் மரபணுவை அணுவுக்குள் செலுத்த வேண்டியிருப்பதால் இது ஆய்வகக் கருவியே. மைட்டோகாண்டிரியா நோயைக் கண்டறியக் குருதி, மரபணு, தசைத்திசுச் சோதனைகள் உள்ளன. குருதிச் சோதனை இயல்பாக இருப்பினும், தசைச் சோர்வு தொடர்ந்தால் மருத்துவரிடம் கூறத் தயங்காதீர்கள்.