ஜப்பானியர் மொழியும் மரபும்

ஆசியாவின் கிழக்கெல்லையில், பசிபிக் பெருங்கடலின் ஓரத்தில், வில்லென வளைந்து கிடக்கும் தீவுக்கூட்டமே ஜப்பான் நாடு. ஹொக்கைடோ, ஹொன்ஷு, ஷிகொக்கு, கியூஷு என்னும் நான்கும் அதன் பெருந்தீவுகள். நாட்டின் பெரும்பகுதி மலையும் காடுமாக இருத்தலின், மக்கள் குறுகிய சமவெளிகளிலே நெருங்கி வாழ்கின்றனர். நெருங்கி வாழ்வோர்க்கு, ஒருவர்க்கொருவர் இடையூறு செய்யாது ஒழுகுதல் இன்றியமையாத அறமாகும். ஜப்பானியரின் அன்றாடப் பழக்கங்கள் பலவற்றுள் இவ்வறம் ஊடுருவி நிற்பதைக் காணலாம். அவர்தம் மொழியிலும் அது கலந்திருக்கின்றது. ஆதலின், அம்மொழியைக் கற்பவர் அம்மக்களின் மரபையும் உடன் கற்றல் வேண்டும்.

ஜப்பானிய மொழியைக் கற்கப் புகும் தமிழ் மாணவர்க்குத் தொடக்கத்திலேயே ஒரு மகிழ்ச்சி காத்திருக்கிறது. தமிழைப் போலவே அம்மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். வேற்றுமை உணர்த்தும் உருபுகளும் பெயருக்குப் பின்னரே வரும். 'வாதாஷி வா இந்தோ காரா கிமாஷ்தா' என்பது ஒரு ஜப்பானிய வாக்கியம். 'வாதாஷி' என்பது நான். 'இந்தோ' என்பது இந்தியா. 'காரா' என்பது 'இருந்து'. 'கிமாஷ்தா' என்பது வந்தேன். சொற்கள் நின்ற முறையிலேயே பொருள் கொண்டால், 'நான் இந்தியாவிலிருந்து வந்தேன்' என அமைந்துவிடுகிறது. இவ்வொப்புமை ஒன்றே கொண்டு இரண்டும் ஒரு தாய் வயிற்று மொழிகள் எனத் துணிதல் பொருந்தாது. ஆயினும் கற்பார்க்கு இது நல்லதொரு துணையாகும்.

எனினும், சொல்லும் இலக்கணமும் மட்டும் அறிந்தவர் ஜப்பானியரோடு பழகத் தகுதி பெற்றுவிட்டார் என்று கூற இயலாது. அயலார் செய்யும் இலக்கணப் பிழையைக் கேட்போர் எளிதில் பொறுத்துக்கொள்வர். மரபு அறியாது பேசும் பேச்சோ, பேசுபவர் அறியாமலேயே கேட்பவர் உள்ளத்தைப் புண்படுத்திவிடும். ஆதலின், அவர்தம் நாள் வாழ்க்கையைத் தொடர்ந்து சென்று நோக்குதல் நலம்.

காலையில் வீட்டை விட்டுப் புறப்படும் சிறுவன், 'இத்தே கிமஸ்' என்று கூறுகிறான். வீட்டிலிருப்போர், 'இத்தே ராஷ்ஷாய்' என விடை கொடுக்கின்றனர். முன்னதன் பொருள் 'போய் வருகிறேன்' என்பது. பின்னதன் பொருள் 'போய் வாருங்கள்' என்பது. 'போகிறேன்' என்று மட்டும் கூறி வாயில் கடத்தல் தமிழர் மரபன்று. மீண்டு வருதலையும் சேர்த்துக் கூறுதலே நம்மவர் வழக்கு. கடல் பல கடந்த நாட்டிலும் அதே அன்பு, அதே சொல்லமைப்பில் வெளிப்படுவது வியப்பூட்டுகிறது. மாலையில் திரும்பி வந்தவன் 'தாதைமா', அஃதாவது 'இப்பொழுதே வந்தேன்' என்பான்; வீட்டார் 'ஒகாயெரி' என்று வரவேற்பர்.

ஜப்பானிய வீட்டின் வாயிலை அடுத்து, உள்தரையைவிடச் சற்றுத் தாழ்ந்த ஓர் இடம் உண்டு. அதனைக் 'கென்கான்' என்பர். காலணியைக் கழற்ற வேண்டிய இடம் அதுவே. கழற்றிய காலணியின் முனை வாயிலை நோக்குமாறு திருப்பி வைத்தல் முறை. உள்ளே நடப்பதற்கு மென்மையான செருப்புகள் வைக்கப்பட்டிருக்கும். 'தாதாமி' என்னும் பாய் விரித்த அறையினுள் அச்செருப்புடனும் செல்லுதல் ஆகாது. கழிப்பறைக்கெனத் தனிச் செருப்பு உண்டு. அதனோடு பிற அறைகளுக்கு வருதல் பெருங்குற்றமாகக் கருதப்படும். நீராடுதலிலும் ஒரு முறை உண்டு. வெந்நீர்த் தொட்டிக்கு வெளியே உடலை நன்கு தேய்த்துக் கழுவிய பின்னரே தொட்டியில் இறங்குவர். ஒருவர் இறங்கிய நீரிலேயே வீட்டிலுள்ள பிறரும் இறங்குவர் ஆதலின், நீரைத் தூய்மையாக விட்டுச் செல்லுதல் ஒவ்வொருவர் கடமையாகிறது.

ஒருவரையொருவர் காணுங்கால், ஜப்பானியர் கை குவிப்பதில்லை. உடலை வளைத்து வணங்குவர். அதற்கு 'ஓஜிகி' என்பது பெயர். சிறு வணக்கத்திற்கு ஏறத்தாழ 15 பாகையும், மரியாதை வணக்கத்திற்கு 30 பாகையும், ஆழ்ந்த நன்றிக்கும் மன்னிப்பிற்கும் 45 பாகையும் வளைதல் வேண்டும் எனக் கற்பிப்பர். குடும்பப் பெயரை முன்னும் இயற்பெயரைப் பின்னும் கூறுவது அவர்தம் வழக்கு. பிறர் பெயருக்குப் பின் 'சான்' என்னும் மதிப்புச்சொல்லைச் சேர்ப்பர். தன் பெயரோடு அதனைச் சேர்த்துக்கொள்வது நகைப்பிற்கு இடமாகும். அலுவலர்கள் முதன்முறை சந்திக்கும்போது பெயர்ச் சீட்டுகளைப் பரிமாறிக்கொள்வர். சீட்டினை இரு கைகளாலும் வாங்கி, படித்துப் பார்த்து, மேசையின்மீது வைத்தல் வேண்டும். படியாமல் சட்டைப்பையில் திணிப்பது அதற்குரியவரையே புறக்கணிப்பது போன்றது.

உண்ணத் தொடங்குமுன் 'இத்தாதாகிமஸ்' என்று கூறுவர். இச்சொல்லின் முதற்பொருள் தலைமேல் வைத்தல் என்பது. 'சிரமேற்கொள்கிறேன்' என்று நாம் கூறும் பணிவு இதனுள் அடங்கியுள்ளது. உண்டு முடித்தபின் 'கொச்சிசோ சாமா' என்பர். 'கொச்சிசோ' என்பதனுள் ஓடித்திரிதல் என்னும் பொருள் உள்ளது. விருந்தினர்க்காக அங்குமிங்கும் ஓடி உணவு தேடிய உழைப்பிற்கு நன்றி கூறும் சொல் அது.

உண்பதற்குப் பயன்படும் இரு குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நிறுத்தலாகாது. இறந்தார்க்குப் படைக்கும் சோற்றிலேயே அவ்வாறு நிறுத்துவர். ஒருவர் குச்சியிலிருந்து மற்றொருவர் குச்சிக்கு உணவை மாற்றுதலும் ஆகாது. எரியூட்டப்பட்ட உடலின் எலும்புகளை உறவினர் குச்சிகளால் எடுத்து மாற்றும் சடங்கினை அது நினைவூட்டும். காரணம் அறியாதார்க்கு இவை வெற்று விதிகளாகத் தோன்றும். அறிந்தார்க்கோ, உண்ணும் இடத்தில் துயரத்தை நினைவூட்டாதிருக்கும் அருள் உள்ளம் புலப்படும்.

இனி, மொழியினுள்ளேயே அமைந்த பணிவினைக் காண்போம். இதனைக் 'கெய்கோ' என்பர். தமிழில் 'உண்டான்', 'உண்டார்' என வினையின் ஈறு மாறி மதிப்பை உணர்த்துகிறது. ஜப்பானிய மொழியிலோ வினைச்சொல் முழுவதுமே மாறுவதுண்டு. உண்ணுதலைக் குறிக்கும் பொதுச்சொல் 'தாபெரு' என்பது. பெரியோர் உண்பதைக் கூறுங்கால் 'மெஷியகாரு' என்பர். தான் உண்பதைப் பணிவுடன் கூறுங்கால் 'இத்தாதாகு' என்பர். ஒன்று பிறரை உயர்த்துகிறது. மற்றொன்று தன்னைத் தாழ்த்துகிறது. இவற்றை இடம் மாற்றிக் கூறினால், தன்னையே உயர்த்திப் பிறரைத் தாழ்த்தியதாக முடியும்.

தமிழ் மாணவர் பெரிதும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'என் தந்தையார் வந்தார்' என அயலாரிடத்தும் மதிப்புடன் கூறுதல் நம் மரபு. ஜப்பானியர் பிறருடைய தந்தையை 'ஓத்தோசான்' என்று உயர்த்திக் கூறுவர். தம் தந்தையைப் பற்றி அயலாரிடம் பேசும்போது 'சிச்சி' என்று எளிய சொல்லால் குறிப்பர். பழந்தமிழிலும் எந்தை, நுந்தை என வேறு வேறு சொற்கள் வழங்கின. அவை யாருடைய தந்தை என்பதை உணர்த்தின. ஜப்பானியச் சொற்களோ, அதனோடு பணிவையும் உணர்த்துகின்றன. தந்தையிடத்து அன்பில்லாமையால் அவர் அவ்வாறு கூறுவதில்லை. தன்னைச் சேர்ந்தோர் அனைவரும் தன்னோடு ஒருங்கே எண்ணப்படுவர் ஆதலின், அயலார் முன்னிலையில் தன்னைத் தாழ்த்துவோர் தன்னவரையும் உடன் தாழ்த்துகின்றனர். 'உள்', 'புறம்' என்னும் இப்பாகுபாட்டை அவர்கள் 'உச்சி', 'சோத்தோ' எனக் குறிப்பர். அலுவலகத்தினுள் தலைவரை மிக உயர்த்திப் பேசும் ஊழியர், வெளியார் ஒருவர் தொலைபேசியில் கேட்குங்கால், அத்தலைவரின் பெயரை மதிப்புச்சொல் இன்றியே கூறுவது இதனாலேதான்.

மற்றுமொரு தடுமாற்றம் முன்னிலைப் பெயரில் நிகழ்கிறது. 'அனாதா' என்பதற்கு அகராதி 'நீங்கள்' எனப் பொருள் கூறும். அதனை நம்பி ஆசிரியரை 'அனாதா' என்று விளித்தால், அது மரியாதைக் குறைவாகவே கொள்ளப்படும். ஆசிரியரைச் 'சென்செய்' என்றும், பிறரைப் பெயரோடு 'சான்' சேர்த்தும் அழைத்தலே தகும். அகராதி சொல்லின் பொருளைத் தரும். சொல்லத் தகும் இடத்தை மரபே தரும்.

மறுத்துக் கூறுவதிலும் ஜப்பானியர் முகம் கோணாது நடப்பர். 'இயலாது' என வெளிப்படக் கூறுவதற்கு மாறாக, 'சொத்தோ' என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமலே நிறுத்திவிடுவர். 'சற்று...' என்பது அதன் பொருள். 'எண்ணிப் பார்க்கிறேன்' என்னும் விடையும் பல வேளைகளில் மென்மையான மறுப்பேயாகும். மேலும், ஒருவர் பேசும்போது கேட்பவர் இடையிடையே 'ஹாய்' என்பர். 'ஆம்' என்று அச்சொல்லுக்குப் பொருளிருப்பினும், அவ்விடத்தில் அது 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதையே உணர்த்தும். இவ்வேறுபாட்டை அறியாது வணிகம் பேசச் செல்வோர், உடன்பாடு கிடைத்துவிட்டது என மகிழ்ந்து திரும்பிப் பின்னர் ஏமாற்றம் அடைதல் கூடும். ஏமாற்றியவர் ஒருவரும் அங்கு இலர்; குறிப்பறியாமையே ஏமாற்றிற்று.

இத்தகைய பழக்கங்கள் பிறவியில் வருவன அல்ல, பயிற்சியால் வருவன. ஜப்பானியப் பள்ளிகளில் மாணவர்களே வகுப்பறைகளையும் நடைவழிகளையும் கூட்டித் துடைக்கின்றனர். பள்ளி உணவுச் சட்டம் 1954ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. நண்பகல் உணவினை மாணவர்களே முறைவைத்துத் தம் தோழர்க்குப் பரிமாறுகின்றனர். மதிப்புமொழியைப் பிழையறப் பேசுதல் ஜப்பானிய இளைஞர்க்கும் எளிதன்று. ஆதலின், நிறுவனங்கள் பல, புதிதாகச் சேர்ந்த ஊழியர்க்கு அதனைத் தனியே பயிற்றுவிக்கின்றன.

பணிவு என்பது எளியோர் வலியோர்க்குச் செலுத்தும் கடமை மட்டுமோ? இவ்வினாவிற்கு அந்நாட்டு வரலாறே விடை கூறுகிறது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் நோ ரிக்கியூ என்பார் தேநீர் விருந்துக் கலையைச் செம்மைப்படுத்தியவர். அவர் போற்றிய தேநீர்க் குடிலின் நுழைவாயில், ஏறத்தாழ 2 அடிச் சதுரமே ஆகும். போர்வீரரும் வாளை வெளியே வைத்துவிட்டு, தலை தாழ்த்தித் தவழ்ந்தே உட்புகுதல் வேண்டும். அவ்வாயிலின்முன் பெரியோர், சிறியோர் என்னும் வேறுபாடு இல்லை.

பிற்காலத்தில் அரசும் இக்கருத்தை நாடிற்று. 1952ஆம் ஆண்டில் ஜப்பானிய நாட்டுமொழி மன்றம் வெளியிட்ட பரிந்துரை, மதிப்புமொழி இனி மேல் கீழ் என்னும் நிலையைப் பற்றி நில்லாமல், மனிதர் ஒருவரையொருவர் மதித்தலையே அடிப்படையாகக் கொள்ளுதல் வேண்டும் என அறிவுறுத்தியது. 2007ஆம் ஆண்டில் பண்பாட்டு மன்றம் மதிப்புமொழியை ஐந்து வகையாகப் பகுத்து விளக்கியபோதும், ஒருவரையொருவர் மதித்தல் என்னும் கருத்தையே மேற்கொண்டது.

அயல்மொழி கற்பார் அயலார் மரபுகள் அனைத்தையும் தம்முடையவாக ஏற்றுக்கொள்ள வேண்டுவதில்லை. ஆயின், அவற்றின் காரணத்தை உணர்தல் வேண்டும். வாயிலில் திருப்பி வைத்த காலணியும், முடிக்காது நிறுத்திய வாக்கியமும், இரு கைகளால் வாங்கிய சிறு சீட்டும் ஒரே கருத்தையே கூறுகின்றன: எதிரே நிற்பவரும் நம்மைப் போல் மதிக்கத்தக்க ஓர் உயிர் என்பதே அது. அதனை உணர்ந்து பேசுபவரின் சொல் சிறிது பிழைபடினும், அவருடைய உள்ளம் பிழையின்றிப் புலப்படும்.