முக்கியக் குறிப்புகள்: பல்கலைக்கழகத் துறை இணையதளங்களும் மாற்றுத்திறனாளிகளின் அணுகல் உரிமையும்

சமூக நலம், அரசியலமைப்பு, தகவல் தொழில்நுட்பம் என மூன்று பகுதிகளிலும் கேள்வி வரக்கூடிய தலைப்பு இது. சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி பக்கம் படிப்பவர்கள் இதை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்க வேண்டாம். பட்டாசு ஆலை வெடி விபத்தில் பார்வையோ விரல்களோ போனவர்கள் இங்கே பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் கல்லூரிச் சேர்க்கைக்கு முதலில் திறப்பது ஒரு துறையின் இணையப் பக்கத்தைத்தான்.

அடுத்தடுத்த இரண்டு நாட்கள்

• 2021 பிப்ரவரி 11: விகாஷ் குமார் எதிர் யு.பி.எஸ்.சி. வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 40 சதவீதக் குறைபாடு என்ற வரையறைக்குள் வராதவருக்கும், எழுத முடியாத நிலை இருந்தால், தேர்வில் உதவி எழுத்தர் தர வேண்டும்.
• 2021 பிப்ரவரி 12: சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடி விபத்து. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது.

விகாஷ் குமார் தீர்ப்பின் அடிப்படை 'நியாயமான தகவமைப்பு'. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் இது பிரிவு 2(ஒய்). கையில் தீக்காயம் பட்ட ஒரு தேர்வர் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சட்டம்

• மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. இதற்கு முந்தையது 1995-ஆம் ஆண்டுச் சட்டம்.
• குறைபாட்டு வகைகள் 7-லிருந்து 21 ஆயின.
• கவனம்: அமில வீச்சால் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் தனியாக உண்டு. பட்டாசுத் தீக்காயத்துக்குத் தனி வகை கிடையாது. இழப்பைப் பொறுத்துப் பார்வையின்மை, குறைபார்வை, இயக்கக் குறைபாடு என்று சேரும்.
• பிரிவு 32: அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடஒதுக்கீடு, 5 ஆண்டு வயது வரம்புத் தளர்வு. பிரிவு 34: அரசு வேலையில் 4 சதவீதம். இந்த 5-ஐயும் 4-ஐயும் மாற்றிப் போட்டுக் கேட்பார்கள்.
• பிரிவு 42: தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தில் அணுகல். நம் தலைப்பின் நேரடிச் சட்ட ஆதாரம் இதுவே.
• பிரிவு 89: முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை.
• சட்டத்தின் வேர்: ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 2006. இந்தியா ஏற்புறுதி செய்தது 2007 அக்டோபர் 1. அணுகல் பற்றிய உறுப்பு 9.

தரநிலைகள்

• உலக அளவில் இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி.: 1.0 (1999), 2.0 (2008), 2.1 (2018), 2.2 (2023). வெளியிடுவது டிம் பெர்னர்ஸ்-லீ 1994-ல் நிறுவிய டபிள்யூ3சி.
• கொள்கைகள் நான்கு: உணரத்தக்கது, இயக்கத்தக்கது, புரியத்தக்கது, உறுதியானது. நிலைகள் மூன்று: ஏ, ஏஏ, ஏஏஏ.
• இந்தியாவில் அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி: 2009-ல் முதல் பதிப்பு, 2023-ல் 3.0. சான்று தருவது மத்திய அரசின் தரச் சோதனை அமைப்பான எஸ்.டி.க்யூ.சி.
• ஐ.எஸ். 17802: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அணுகல் தரம். முதல் பகுதி 2021, இரண்டாம் பகுதி 2022.
• உயர்கல்வி நிறுவனங்களுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் அணுகல் வழிகாட்டி: 2022.

துறைத் தளம் எங்கே உடைகிறது

தளத்தைக் கட்டிக் கொடுக்கும் நிறுவனம் பெரும்பாலும் சரியாகத்தான் கொடுக்கிறது. அடுத்த மாதம் துறை அலுவலகம் ஏற்றும் முதல் சுற்றறிக்கையில் பழுது தொடங்குகிறது. கையொப்பமிட்ட தாளை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கி ஏற்றிவிடுகிறார்கள். கண்ணுக்கு அது எழுத்து. திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது வெறும் படம். 'ஆவணம் காலி' என்று சொல்லி நின்றுவிடும். விண்ணப்பத்தின் கடைசி நாள் அந்தத் தாளுக்குள் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் கீழ் வந்த 2017 விதிகளின் 15-ஆம் விதி ஆவணங்களை இ-பப் அல்லது ஓ.சி.ஆர். (எழுத்துணரி) செய்த பி.டி.எஃப். வடிவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

தமிழுக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பில் 'தமிழ்' என்ற சொல் திரையில் அழகாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில விசைகள். பார்வையற்ற மாணவரின் காதில் 'ஜே கே பி ஓ செமிகோலன்' என்று விழும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் அச்சு வேலையில் பழைய எழுத்துருக்கள் புழங்குகின்றன. சிவகாசி போன்ற அச்சு ஊரில் வடிவமைத்த கருத்தரங்க அழைப்பிதழ் அப்படியே தளத்துக்கு ஏறும்போது அந்த எழுத்துருவும் கூடவே ஏறுகிறது.

நிறத்தையும் பாருங்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 மாறுபாடு வேண்டும் (ஏஏ நிலை). பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். வெள்ளையில் தூய சிவப்பு ஏறத்தாழ 4, மஞ்சளில் சிவப்பு 3.7 அளவே வரும். பட்டாசுப் பெட்டிக்குப் பொலிவு தரும் இந்தச் சேர்க்கை, குறைபார்வை உள்ளவருக்குச் சேர்க்கை அறிவிப்பைப் படிக்க முடியாமல் ஆக்கிவிடுகிறது.

மேலும் சில:
• 5 நொடிக்கு மேல் தானாக ஓடும் அறிவிப்புப் பட்டைக்கு நிறுத்தும் வசதி வேண்டும்.
• எதுவும் நொடிக்கு 3 முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து.
• தொடும் பொத்தான் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் (டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 பதிப்பில் புதியது). விரல் இழந்தவருக்கு இது பெரிய உதவி.
• சுட்டி இல்லாமல், விசைப்பலகை மட்டும் கொண்டு முழுப் பக்கத்தையும் இயக்க முடிய வேண்டும்.
• எல்லா இணைப்புக்கும் 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதினால், இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பவருக்கு எது எதற்கென்றே தெரியாது. 'எம்.ஏ. தமிழ் சேர்க்கை விண்ணப்பம்' என்று எழுத வேண்டும்.

பராமரிப்பு

அரசு வழிகாட்டி இதற்கும் வழி சொல்கிறது. உள்ளடக்கத்தை யார் தருவது, யார் சரிபார்ப்பது, யார் ஒப்புதல் தருவது, பழையதை எப்போது காப்பகத்துக்கு மாற்றுவது, எத்தனை காலத்துக்கு ஒருமுறை மறுஆய்வு செய்வது என்று எழுதிவைத்த கொள்கை வேண்டும். பொறுப்புக்கு ஒரு 'இணையத் தகவல் மேலாளர்' வேண்டும். பல துறைகளில் இந்த வேலை ஓர் இளம் உதவிப் பேராசிரியர் தலையில் கூடுதல் சுமையாக விழுகிறது. அவர் மாறிப் போனால் கடவுச்சொல்லோடு பழக்கமும் போய்விடுகிறது. அதனால்தான் எழுதிவைத்த நடைமுறையை வற்புறுத்துகிறேன்.

தானியங்கிச் சோதனைக் கருவிகள் படத்துக்கு மாற்று உரை இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். அந்த உரை பொருத்தமா என்று ஓர் ஆள்தான் பார்க்க வேண்டும். இலவசத் திரைவாசிப்பு மென்பொருளான என்.வி.டி.ஏ. (2006, ஆஸ்திரேலியா) ஒவ்வொரு துறைக் கணினியிலும் இருக்கலாம். ஏற்றிய பக்கத்தைக் கண்ணை மூடிக் கேட்டாலே பாதிப் பழுது தெரிந்துவிடும்.

வெளிநாட்டு எடுத்துக்காட்டு: கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். இலவச இணையப் பாடங்களில் வசன வரிகள் போன்றவை இல்லை என்று 2016-ல் அமெரிக்க நீதித்துறை சுட்டிக்காட்டியது. 2017-ல் பல்கலைக்கழகம் 20,000-க்கும் மேற்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. 2022-ல்தான் உடன்பாடு ஏற்பட்டது. பழுதைச் சரிசெய்யாமல் பாடத்தையே எடுப்பது தீர்வு ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள்

• ராஜீவ் ரதூரி வழக்கு, 2024 நவம்பர் 8: 15-ஆம் விதி வெறும் பரிந்துரைபோல் இருக்கிறது, சட்டம் கட்டாயம் என்கிறது, எனவே 15(1) செல்லாது. கட்டாய விதிகளை வகுக்க 3 மாதம் அவகாசம். அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் அமர்வு.
• பிரக்யா பிரசூன் வழக்கு, 2025 ஏப்ரல் 30: டிஜிட்டல் அணுகல் உறுப்பு 21-ன் கீழ் வாழ்வுரிமையின் பகுதி. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன். அமில வீச்சால் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்கள், வங்கியின் இணையவழி அடையாளச் சரிபார்ப்பில் கண் சிமிட்ட முடியாமல் தவித்ததிலிருந்து எழுந்த வழக்கு. தீக்காயம்பட்ட நம் வட்டாரத்து மக்களுக்கு மிக நெருக்கமான தீர்ப்பு.

முறையிட

• பிரிவு 23: ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் குறைதீர்ப்பு அலுவலர் நியமிக்கப்பட வேண்டும்.
• பிரிவு 79: மாநில ஆணையர். பிரிவு 74: மத்தியில் தலைமை ஆணையர்.

அரசுப் பல்கலைக்கழகத்தின் துறைப் பக்கத்தைத் திரைவாசிப்பானில் படிக்க முடியாவிட்டால், பக்கத்தின் முகவரி, தேதி, பயன்படுத்திய மென்பொருள் மூன்றையும் குறித்து முதலில் அந்தக் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். அவர் யார் என்பதே தளத்தில் இல்லையென்றால், பதிவாளருக்கு எழுதும் மனுவில் முதல் வரியாக அதைக் கேளுங்கள்.